பாண்டுங்கில் முக்காடு விற்கிறோம்

1

நேற்றோடு அண்ணன் மகன் கார்த்தியின் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததிலிருந்தே பூங்கொத்தும் கேக்கும் கைகூப்பும் வந்து விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒரு வாழ்த்துப் போட்டேன். எல்லாரும் அதற்கு ஏதோ ஒரு பொம்மையைப் பதிலாக அனுப்பினார்கள், அண்ணனைத் தவிர. யார் யார் படித்தார்கள் என்று அழுத்திப் பார்த்தேன். அண்ணன் பெயர் இருந்தது. படித்திருக்கிறார்.

ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயத்தை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் எழுமலைக்கும் சம்பந்தி ஊரான பேரையூருக்கும் அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரியும். ஆளுக்கொரு கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியிருப்பார்கள். சம்பந்தப்பட்டவன் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பஞ்சாலை மேலாளர் இல்லை. ஆலை மூடி நாலு வருஷம் ஆகிறது. இந்தோனேசியாவில், பாண்டுங் நகரத்தில், என் மகள் யாழினி கைப்பேசி நேரலையில் முஸ்லிம் பெண்கள் அணியும் முக்காடு விற்கிறாள். நான் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வியாபாரத்தில்தான்.

2

எங்கள் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கும். வேலை செய்யும் அறை எங்கே இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்த அதே ஆலையின் பஞ்சுக் கிடங்குதான். ஆலை போன பிறகு கிடங்கைப் பலகை வைத்துத் தடுத்து, சின்னச் சின்ன அறைகளாக்கி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட விளக்கு, கம்பியில் மாட்டிய கைப்பேசி, அதன் முன்னால் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணோ பையனோ. எங்களுக்கு இடப்பக்கம் செருப்பு. வலப்பக்கம் ஒருவன் மிளகாய்ச் சட்டினியைச் சோறே இல்லாமல் தின்று காட்டி விற்கிறான். கடைசி அறையில் பேய் பிடிக்கும் கோஷ்டி. பாழடைந்த பங்களாக்களுக்குப் போய்ப் படம் எடுப்பார்கள். பகல் முழுக்கத் தூக்கம்.

நான் வந்த புதிதில் சாயங்காலம் ஆனால் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அழுகைத் தொடர்கள். மாமியார் மருமகளைப் படியில் தள்ளிவிட்டால் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா தன் கடையை மூடிவிட்டு அழுவார். இப்போது அந்த மாமியாரும் மருமகளும் தெருவிலேயே இருக்கிறார்கள். அடுத்த வீட்டு இபு ரினி (இபு என்றால் அங்கே அம்மா), அறுபதைத் தாண்டியவர், தினமும் மருமகளோடு பொய்ச்சண்டை போட்டு வீடியோ ஏற்றுகிறார். பைக் டாக்சிக்காரர் வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டி, சிக்னல் விழுந்தால் யாரோ மீன் பிடிப்பதை நேரலையில் பார்க்கிறார். நடித்துக் காட்டுவது எது, நிஜம் எது என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். 'ஜோடிப்பு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, விடாமல் பார்ப்பார்கள்.

யாழினியை அங்கே யாயா என்பார்கள். அவள் முக்காட்டைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் அம்மாமார்களே" என்று ஆரம்பிப்பாள். காய்கறிக்காரருக்கும் வங்கிக்காரருக்கும் அங்கே அதுதான் வணக்கம். பார்ப்பவர்கள் கேள்விகளை எழுதித் தள்ளுவார்கள். பாசிப்பச்சை இருக்கிறதா, அகலமான முகத்துக்கு எடுக்குமா, மாமியாருக்கு வாங்குகிறேன் நல்லதாகச் சொல். இவள் வாசித்து, பதில் சொல்லி, சிரித்து, கட்டிக் காட்டி, அவிழ்த்து, அடுத்ததற்குக் கை நீட்டுவாள். நீட்டிய கையில் கேட்ட நிறம் இருக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம். பஞ்சு பிரிக்கிற மிஷினில் என் வலது மோதிர விரல் பாதி போனது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கை மட்டும் படத்தின் ஓரத்தில் வந்து போகும். 'அப்பாவின் கை வந்துவிட்டது' என்று பெண்கள் எழுதி விளையாடுவார்கள். முகத்தைக் காட்டச் சொல்வார்கள். அப்போதெல்லாம் காட்ட மாட்டேன். எழுமலையில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது.

நீ முஸ்லிமா என்று சிலர் கேட்பதுண்டு. "இல்லை அம்மா, நான் இந்து. கட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்டத்தான் கட்டுகிறேன்" என்பாள். அதற்கு இதயம் அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். திட்டிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அவள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த நிறத்துக்குக் கை நீட்டுவாள்.

3

பொய் எப்படித் தொடங்கியது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆலையை மூடும் அறிவிப்பை ஒட்டிய அன்று மத்தியானம் அண்ணன் போன் செய்தார். போர் போட்டதில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டார். குரலில் அம்புட்டு சந்தோஷம்.

"மில்லு எப்பிடிடா ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுதுண்ணே" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தின் மேல் என் சங்கடத்தைக் கொட்ட வேண்டாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தது, போனது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த ஆலையை நான் வாயாலேயே ஓட்டினேன். போனஸ் போட்டேன், ஜப்பானிலிருந்து புது மிஷின் இறக்கினேன். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சலித்துக்கொண்டேன். அண்ணன் எல்லாவற்றையும் நம்பினார். என்னை பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு, அவர் உசிலம்பட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தம்பி மேலாளர் என்பது அவருக்கு என்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

என் மனைவி லட்சுமி இந்தோனேசியாவிலேயே மேடான் என்ற ஊரில் பிறந்த தமிழச்சி. நாலு தலைமுறைக்கு முன் புகையிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அந்த நாட்டுக் குடிமகள். ஆலை போன பிறகு அவள் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டதால்தான் நான் அங்கே தங்க முடிகிறது. குடியேற்ற அலுவலகத்தில் படிவத்தை நிரப்பும்போது 'தொழில்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். அதிகாரி எட்டிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் யாயாவின் அப்பாதானே. என் மனைவி உங்களிடம்தான் முக்காடு வாங்குகிறாள்" என்றார். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பி என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். அன்றைக்கும் அண்ணனோடு பேசினேன். ஆலையில் ஆடிட்டிங் என்று சொன்னேன்.

கார்த்தியின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கும் முன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். என் பெயருக்குக் கீழே 'பஞ்சாலை மேலாளர், இந்தோனேசியா' என்று போட்டிருந்தது. லட்சுமி பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் சொல்லிருங்க" என்றாள். எழுத்துப்பிழை ஏதுமில்லை, அடிக்கலாம் என்று நான் பதில் அனுப்பினேன்.

4

கார்த்திக்கு உடன்பிறந்த பெண் கிடையாது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவன் சகோதரி போட வேண்டும். பெரியப்பா மகன் சித்தப்பா மகளுக்கு அண்ணன்தானே. ஆகவே யாழினிதான் நாத்தனார். இந்த ஒரு வேலைக்காக அவள் ஒரு மாதம் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக் கட்டிப் பழகினாள். நேரலையில் அம்மாமார்களிடமும் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குக் கல்யாணம், முடிச்சு என்னுடையது என்று. மூன்று வயதில் ஊருக்கு வந்தவள் அதற்குப் பிறகு மூன்று முறைதான் வந்திருக்கிறாள். இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று அவள் நம்பியது அந்த இரண்டு முடிச்சை வைத்துத்தான்.

வந்த முதல் நாள் உறவுக்காரப் பெண்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு முன்னால் குனிந்து, வலது கையைத் தாழ்த்திக்கொண்டு கடப்பாள். அது பாண்டுங் பழக்கம். "எம்புட்டு அடக்கம் பாத்தியா" என்றார்கள். தன்னையே பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவாள், "யாழினி சாப்பிட்டுச்சு" என்பாள். அதுவும் அங்கத்திப் பழக்கம்தான். இருபத்திரண்டு வயதுப் பெண் குழந்தை மாதிரிப் பேசுகிறாளே என்று அதற்குச் சிரித்தார்கள்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் மத்தியானம் நாங்கள் போய் இறங்கும்போதே வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் பெண் மாப்பிள்ளைக்குக் கீழே வட்டத்துக்குள் என் முகமும் இருந்தது. முகத்துக்குக் கீழே மேலாளர்.

மூன்று மணிக்கு அந்த வீடியோ வந்தது. மலேசியாவில் வேலை பார்க்கும் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனின் போனில் அது தானாக வந்து விழுந்திருக்கிறது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'இது நம்ம யாழினியா?' என்று கேட்டுக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். நாற்பது விநாடி. முக்காட்டோடு யாழினி, அந்த வணக்கம், சிரிப்பு, கை நீட்டல். நான் இந்து என்று அவள் சொல்லும் பகுதி அதில் இல்லை. நாலு மணிக்குள் அது பெண் வீட்டுக் குழுவுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் நாங்கள். அண்ணனும் கார்த்தியை அப்படித் தூக்கிக்கொண்டு போனவர்தான். ஆனாலும் அன்று மண்டபத்தில் நான் நடந்த இடமெல்லாம் பேச்சு நின்றது. பந்திக்கு இலை போடும் இடத்தில் இரண்டு பெண்கள் போனை மறைத்தார்கள். யாழினி ஒன்றும் தெரியாமல் பூக்கட்டும் பெண்களோடு உட்கார்ந்து மல்லிகையைத் தப்பும் தவறுமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் இதெல்லாம் நின்றுவிடும். அவள் அதை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறாள். யாருடைய வயிறு என்றும் சொல்ல வேண்டிவரும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

5

பொழுது சாய்ந்ததும் மாப்பிள்ளை அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் சம்பந்தி, பேரையூரில் உரக்கடை வைத்திருப்பவர். கார்த்தி சுவரோரம் நின்றான். கதவைச் சாத்தினார்கள்.

"இது நம்ம பிள்ளைதானா?" என்று அண்ணன் போனை நீட்டினார்.

"ஆமாண்ணே."

"மதம் கிதம் மாறிட்டாளா?"

"அதெல்லாம் இல்லண்ணே. அங்க எல்லாப் பிள்ளைகளும் இப்பிடித்தான் வீடியோ போடுதுக. சும்மா வெளையாட்டு."

சொல்லும்போதே எனக்குக் கூசியது. அடை மழையிலும் காய்ச்சலிலும் தொண்டை கட்டப் பேசுகிறாளே, அதற்கு நான் வைத்த பெயர் விளையாட்டு.

சம்பந்தி கோபக்காரர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். "வெளையாட்டுன்னா நல்லதாப் போச்சு. எங்க பக்கம் அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்க. நாளைக்கு முடிச்சுப் போடுறது யாருன்னு கண்ணு பூரா மேடையிலதான் இருக்கும். நம்ம கண்ணு முன்னாடி அந்த வீடியோப் பக்கத்தையே மொத்தமா அழிச்சிரட்டும். பெறகு அவளே கட்டட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. இல்லைன்னா உங்க பெரியய்யா பேத்தி இருக்குல்ல, அது கட்டட்டும்."

"சித்தப்பா, எனக்கு யாழினிதான்" என்றான் கார்த்தி. அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அடங்கிவிட்டான்.

தப்பிக்க வழி கிடைத்த மாதிரி நான் தலையாட்டினேன். "செஞ்சிரலாம் சம்பந்தி" என்றேன். அந்த வீடியோப் பக்கம் அழிந்துபோனால் அடுத்த மாதம் என்ன சாப்பிடுவோம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. யாழினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். பட்டுச் சேலையில் தலை நிறையப் பூவோடு நின்றவள் பெரியப்பாவைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, அழிக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் என் கையில் கொடுத்தாள்.

"யாழினி அழிக்காது. அப்பா அழிக்கட்டும்" என்றாள்.

திரையில் 'நிச்சயமாக அழிக்கவா' என்று அந்த நாட்டு மொழியில் கேட்டது. கீழே சிவப்பில் ஒரு பட்டன். என் கட்டைவிரல் அதற்கு மேலே நின்றது. மின்விசிறி சத்தம் கேட்டது, வெளியே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. யாழினி அழவில்லை. நேரலையில் யாராவது திட்டி எழுதினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போயி நிதானமா அழிச்சிர்றோம். இங்க சிக்னல் சரியில்ல" என்றேன்.

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தன் போனில் அந்த நாற்பது விநாடியை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தத் துணியை எடுத்துக் குடுக்குற கை யாரு கை?"

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அரை விரலு. அது போன அன்னைக்கு நீ போன்ல அழுதது எனக்கு மறந்துருச்சுன்னு நெனச்சியா? பட்டப்பகல்ல மேனேசர் இங்க உக்காந்து என்னடா செய்யிறாரு?"

போனை யாழினியிடம் திருப்பிக் கொடுத்தேன். இப்போதும் ஒரு பொய் கையில் இருந்தது, அது லீவு நாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"மில்லு மூடி மூணு வருசம் ஆச்சுண்ணே" என்றேன். "வெளையாட்டுன்னு சொன்னது பொய். அது அவ வேலை. அந்த வேலைலதான் நாங்க மூணு பேரும் சாப்பிடுறோம். இந்தக் கல்யாணத்துக்கு வந்த டிக்கெட்டும் அவ எடுத்ததுதான். நான் அவகிட்ட வேலை பாக்குறேன்."

அவமானமாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். அண்ணன் கையமர்த்தினார்.

"பிள்ளை ஒளிச்சு ஒண்ணும் செய்யலை சம்பந்தி. ஊரு பாக்க, ஒலகம் பாக்க உக்காந்து யாவாரம் பண்ணிருக்கா. தலைல துணி போட்டா என்ன, கூடை வச்சா என்ன. அவதான் முடிச்சுப் போடுவா."

"நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

சம்பந்தி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். யாழினி பெரியப்பாவின் காலைத் தொட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார், பூ நசுங்காமல். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நீ மேடைக்கு வராத."

"அண்ணே."

"மில்லு மூடுனது உன் தப்பில்ல. எங்கிட்டச் சொல்லிருந்தா நான் என்ன சிரிச்சிருப்பனா? மூணு வருசம் எனக்கு ஒளிச்சவன் எம் மகன் பின்னாடி வந்து நிக்க வேணாம்."

6

முகூர்த்தம் காலை ஆறரைக்கு. ஐந்து மணிக்கே யாழினி தயாராகிவிட்டாள். நான் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அப்பா வரலைன்னா யாழினியும் போகாது" என்றாள்.

"அது உன் எடம்மா. எனக்கும் பெரியப்பாவுக்கும் உள்ள கோவத்தை அங்க கொண்டுபோகாத" என்றேன். லட்சுமி அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஆறேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கூடத்துப் படி வழியாக இறங்கி, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் தூணோரம் போய் நின்றேன். முன்னால் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சம்பந்தியின் ஆட்கள் சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்கள் எடுக்கக் காத்திருந்தது தாலியை இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேடையில் கார்த்திக்குப் பின்னால் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் சித்தப்பன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே வேறு யாரையும் அவர் நிற்க விடவில்லை என்று பிறகு லட்சுமி சொன்னாள்.

கெட்டிமேளம் முழங்கியது. கார்த்தி முதல் முடிச்சைப் போட்டான். யாழினி பெண்ணுக்குப் பின்னால் குனிந்தாள். அவள் விரல்கள் கயிற்றைப் பிடிப்பது பெரிய திரையில் தெரிந்தது. எவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது. கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவது. இழுத்துச் சரிபார்த்தாள். அட்சதை மேலே விழ, நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேட ஆரம்பித்தாள். முதல் வரிசையில் தேடினாள், நடுவில் தேடினாள், வாசல் பக்கம் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கையைத் தூக்கிக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அண்ணன் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் தேடாமல், நேராகக் கடைசி வரிசைக்குப் பின்னால், நான் நின்ற தூணை அவளுக்குக் கை நீட்டிக் காட்டினார்.